நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு சுழி

இன்று காலைத் தபாலில் உனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பழுப்பு நிற உறை, ஓரத்தில் சர்க்கார் முத்திரை, உள்ளே நம் இருவருக்கும் மனப்பாடமான அதே வாசகம். சென்ற வருஷத்து வருமான விவரத்தை நீ இன்னும் தாக்கல் செய்யவில்லையாம். பதினைந்து நாளைக்குள் நேரில் ஆஜராகிக் காரணம் சொல்ல வேண்டுமாம். தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படுமாம்.

தபால்காரர் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். உறையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அவிய பேருக்கு வந்திருக்கு. நீங்க வாங்கிக்கிடுதீகளா, திருப்பி அனுப்பட்டுமா?"

"திருப்பி அனுப்பினா, அவனுக்கு எந்த விலாசத்துல கொண்டுபோய்க் குடுப்பாங்க?" என்று கேட்டேன். அவர் மேலே ஒரு முறை பார்த்தார். உறையை மெதுவாக என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நீ போய் ஆறு மாதமாகிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஊரார் எல்லாருடைய விவரப் பத்திரத்தையும் நிரப்பிக் கொடுத்த நீ, உன்னுடையதை மட்டும் நிரப்பாமல் காய்ச்சலில் படுத்து அப்படியே போய்விட்டாய். பதில் எழுத உட்கார்ந்தேன். 'மேற்படியார் ஆஜராக இயலாத நிலையில் உள்ளார்' என்று எழுதினேன். படுக்கையில் கிடப்பவன் மாதிரி இருந்தது, கிழித்தேன். 'மேற்படியார் நிரந்தரமாக ஊரைவிட்டுப் போய்விட்டார்' என்று எழுதினேன். வரிக்குப் பயந்து ஓடியவன் மாதிரி இருந்தது, அதையும் கிழித்தேன். பிறகு, சர்க்காருக்கு நாளை எழுதிக்கொள்ளலாம், முதலில் உனக்கு எழுதுவோம் என்று தோன்றியது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் எனக்கு இருக்கிறது.

நம் ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. கீழே சைக்கிள் கடை, மேலே நாம். பகலெல்லாம் பம்பு அடிக்கிற சத்தம். எப்போதாவது ஒரு டியூப் வெடித்தால் கட்டடமே அதிரும். அந்த வெடியை வைத்து நீ ஒரு சோதனையே கண்டுபிடித்திருந்தாய். டியூப் வெடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் லேசாகத் திரும்பிப் பார்த்தால் அவர் கணக்கு சுத்தம். நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டால் இரண்டாவது கணக்குப் புத்தகம் வீட்டில் இருக்கிறது. நான் அறிந்தவரை அந்தச் சோதனை ஒரு முறைகூடப் பொய்க்கவில்லை.

பருத்தி அரைக்கும் மில்லில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நாம் இருவரும் வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் இந்த மாடியை வாடகைக்கு எடுத்தபோது, தொழில் இத்தனை பாடுபடுத்தும் என்று நினைக்கவில்லை. வரிச் சட்டம் நமக்குத் தெரியும். மனிதர்களைத்தான் தெரியவில்லை. "வருமானம் எம்புட்டு?" என்று கேட்டால், கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல முகம் சிவந்துவிடும். "நமக்கு ஏதுய்யா வருமானம்? ஏதோ ஓடுது" என்பார்கள். ஓடுவது எங்கே, எந்தத் திசையில் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். ஒருவர் முழு வருஷத்துக் கணக்கையும் தலையணை உறையில் திணித்துக்கொண்டு வந்தார். உறையை உதறினபோது கணக்கோடு இலவம் பஞ்சும் வந்தது. இன்னொருவர் தன் வருமானத்தை வாயால் சொல்லவே மாட்டார். சுவருக்குக் காது உண்டாம். உன் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவார். உனக்குக் கூச்சம் தாங்காது. நீ சிரிப்பாய். தன் வருமானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று ஒரு நாள் அவர் கோபித்துக்கொண்டு போனார்.

வேலையை நாம் பிரித்துக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது. உனக்கு வாய், எனக்குக் கை. கட்சிக்காரரின் தமிழ் எண்களை நீ வாசிக்க வேண்டியது, நான் இங்கிலீஷ் எண்ணில் எழுத வேண்டியது. நான் மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன். தமிழ் எண் எனக்குக் கொஞ்சம் தடுமாறும். உனக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் உன் கையெழுத்து! அதை நீயே மறுநாள் படிக்க முடியாது. ஒரு தடவை அவசரத்தில் நீ எழுதி அனுப்பிய மனுவை அதிகாரி திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில், 'மொழிபெயர்ப்பு இணைக்கவும்' என்று எழுதியிருந்தது. மனு தமிழில்தான் இருந்தது.

உனக்கு இன்னொரு குறையும் உண்டு. பொய் வராது. சின்னப் பொய்கூட. தொடங்கினால், யாரும் கேட்காத விவரங்களையெல்லாம் கூடச் சேர்த்துக்கொண்டே போவாய், பொய் அதன் பாரம் தாங்காமல் கீழே விழுந்துவிடும்.

அதனால்தான் யுத்தகாலத்தில் நமக்குள் அந்தச் சண்டை வந்தது. ஞாபகம் இருக்குமே. ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், நம்முடைய பெரிய கட்சிக்காரர், தன் வருமானத்தில் பாதிக்குமேல் மாந்தோப்பிலிருந்து வந்தது என்று எழுதச் சொன்னார். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். தோப்பு எங்கே என்று கேட்டாய். செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் பதினோரு மரம் என்றார். நீ பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தாய்.

"முதலாளி, மரத்துக்கு ஒம்பதாயிரம் பழம் வருதே."

"ஆமா, நல்ல காய்ப்பு."

"நல்ல காய்ப்புதான். அணில் ஏறணும்னா எங்கன கால் வைக்கும்?"

நான் இருமினேன். உன் காலை மிதித்தேன். நீ நிறுத்தவில்லை. "அந்த மரத்தை நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வரலாமா? அடியில நிக்க எடமிருந்தா" என்றாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படியிறங்கும் சத்தம் கேட்டது. அதோடு நம் வருஷ வரும்படியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிப் போனது.

நான் கத்தினேன். "உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டாத்தான் நம்ம ரெண்டு வீடும் சோறு திங்க முடியும். இந்தத் தொழில்ல இருக்கணும்னா கொஞ்சமாவது பொய் சொல்லப் படி."

நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "ஏலே சாமுவேலு, ஞாயித்துக்கெழமை கோயில்ல பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவன் பேசுற பேச்சாலே இது?"

அது நிஜம். நிஜமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அன்றிலிருந்து நாம் பேசவில்லை. ஒரே அறை, ஆறடி இடைவெளி, பேச்சு மட்டும் கிடையாது. மைக்கூடு உன் பக்கம் இருந்தால், நான் மாடிப்படிக்குப் போய்க் கீழே சைக்கிள் கடைக்காரரிடம் சொல்ல, அவர் அங்கிருந்தே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாமுவேல் அண்ணன் மை கேக்காரு" என்பார். நான்காம் நாள் அவருக்கே பொறுக்கவில்லை. "ஏமண்டி, உங்க சண்டைக்கு நான் என்ன தந்தியாபீஸா?" என்று தன் தெலுங்குத் தமிழில் கேட்டுவிட்டுப் பம்பை ஓங்கி அடித்தார்.

அந்த வாரத்தில்தான் வெள்ளத்தாயி அக்கா வந்தாள். வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரு கரி பஸ் நடத்திக்கொண்டிருந்தாளே, அவள். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த நாளில், பின்னால் கரி அடுப்பு மாட்டி அந்தப் புகையில் ஓடுகிற பஸ். ஓட்டுவது அவள் புருஷன் சுப்பையா. காது கொஞ்சம் மந்தம். மற்றதெல்லாம் அவள்தான். வ. புதுப்பட்டியில் தன் தாய் கொடுத்த நிலத்தை விற்று அவள் வாங்கிய வண்டி அது.

நம் இருவருக்கும் நடுவில் நின்று, கையிலிருந்த நோட்டீஸை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் திகைத்தாள்.

"தம்பிகளா, என் கணக்குப் புத்தகத்தைக் கேக்காக. எங்கிட்ட ஏது புத்தகம்? காயிதம் எங்க கெடைக்கி? எங்கிட்ட இருக்கது பஸ்ஸுதான். அதுலதான் எழுதி வச்சிருக்கேன்."

டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பில் வெள்ளையடித்து, அன்றாட வசூலைக் கரியாலும் மாதக் கூட்டுத்தொகையைக் காவியாலும் எழுதி வருகிறாளாம். மாதம் முடிந்தால் கரிக்கணக்கை அழித்துவிடுவாள், காவிக்கணக்கு நிற்கும். செலவுச் சீட்டுகள் ஒரு டப்பாவில் இருந்தன. வரவுக்கு அந்தத் தகரம் ஒன்றுதான் சாட்சி. கணக்கு காட்டாவிட்டால் அதிகாரி தானாக ஒரு தொகையை ஊகித்து வரி போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறு ஊரில் ஒருவருக்கு அப்படிப் போட்ட வரியில் பஸ்ஸே போய்விட்டதாம். "இது போச்சுன்னா எங்களுக்குத் திரும்பிப் போக நெலம்கூடக் கெடையாது தம்பி" என்றாள்.

வழக்கப்படி நாம் இருவரும் சேர்ந்து போயிருக்க வேண்டும். நீ வாசிக்க, நான் எழுத. நான் பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

இப்போது சொல்கிறேன், அந்தப் பகலில் நடந்ததை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் வந்து நின்றது. அடுத்த நடைக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அக்கா பின்னால் நின்று அடுப்புக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஏறித் தகரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். தமிழ் எண்ணில் நாலு என்பது 'ச' மாதிரி இருக்கும், ஆறு என்பது 'சு' மாதிரி இருக்கும். வித்தியாசம் ஒரே ஒரு சுழி. கடைசி இரண்டு வரி, மாசியும் பங்குனியும், முன் இருக்கையில் உட்காருபவர்களின் தலை சாய்கிற உயரத்தில் இருந்தன. அங்கே காவி மங்கி எண்ணெய் படிந்திருந்தது. நானூறா, அறுநூறா? குனிந்து பார்த்தேன். சுழி இருந்த தடம் மாதிரி ஏதோ தெரிந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. பின்னால் நிற்கிற அக்காவைக் கேட்கலாம்; கணக்கு எழுத வந்தவனுக்குத் தமிழ் எண் தெரியாதா என்பாளே என்று கேட்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். நீயும் எப்படியோ ஒரு சைக்கிளைப் பிடித்து வந்திருந்தாய். ஐந்தடி தூரத்தில் சர்பத் கடையில் நின்றுகொண்டிருந்தாய். நான் கூப்பிட்டால் ஏறி வந்து ஒரு பார்வையில் சொல்லியிருப்பாய். நீயும் என்னைப் பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நானும் திருப்பிக்கொண்டேன். இரண்டு வரியிலும் நானூறு என்று எழுதினேன்.

விவரப் பத்திரம் போயிற்று. அதிகாரியிடமிருந்து பதில் வந்தது: 'மூலக் கணக்கை ஆஜர்படுத்தவும்.' நீ அதைப் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மோட்டுவளையைப் பார்த்துச் சொன்னாய்: "ஆஜர்படுத்திட்டாப் போச்சு."

அப்படித்தான் அந்த பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் டிராவலர்ஸ் பங்களா வாசலில் புளியமரத்தடியில் வந்து நின்றது. அதிகாரி மாதம் ஒருமுறை அங்கே முகாம் போடுவார். நடைக்கு நடுவில் வந்ததால் உள்ளே பயணிகள் இருபது பேர். அவர்களை இறங்கச் சொன்னோம். ஒருவரும் அசையவில்லை. "வத்திராயிருப்புக்குத் துட்டு குடுத்திருக்கோம். எடத்த விட்டுட்டு எறங்கினா பொறவு நிக்கத்தான் செய்யணும்" என்றாள் மடியில் கோழி வைத்திருந்த ஒரு கிழவி. அடுப்பை அணைத்தால் மறுபடி பற்றவைக்க அரைமணி ஆகும் என்று சுப்பையா சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

டவாலி பியூன் வராந்தாவில் வந்து நின்று, "வெள்ளத்தாயி கணக்குப் புத்தகம்!" என்று கூவினான். அக்கா ரப்பர் ஹாரனை அழுத்தினாள். புத்தகம் 'பாம்' என்று பதில் சொன்னது.

அதிகாரி ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு, தங்க ஃபிரேம் கண்ணாடி. வெளியே வந்து பஸ்ஸைப் பார்த்தார். நம்மைப் பார்த்தார். "இது என்ன?" என்றார்.

"மூலக் கணக்குய்யா" என்றாய் நீ.

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. குடையை மடக்கி பியூனிடம் கொடுத்துவிட்டு, ஃபைலோடு பஸ்ஸில் ஏறினார். நாமும் பின்னால் ஏறினோம். முன் இருக்கையில் ஒரு தேங்காய் வியாபாரி உட்கார்ந்து தகரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி நகர்த்தி உட்கார இடம் செய்தோம். விசாரணை தொடங்கியது. அதிகாரி ஒவ்வொரு மாதமாகத் தகரத்தைப் படித்துப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"ஐப்பசியில் வசூல் ஏன் இவ்வளவு குறைவு?"

அக்கா வாய் திறப்பதற்குள் நாலைந்து பயணிகள் பதில் சொன்னார்கள். "மழைய்யா. ரோடே இல்ல. எட்டு நாளு வண்டி ஓடல." "ஒம்பது நாளு" என்றாள் கோழிக்காரக் கிழவி. கொஞ்ச நேரம் எட்டா ஒன்பதா என்று பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "அமைதி" என்றார் அதிகாரி. கோழி மட்டும் அடங்கவில்லை.

கடைசி இரண்டு வரிக்கு வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு தேங்காய் வியாபாரியைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் திரும்புங்கள்" என்றார். அவர் திரும்பினார். எண்ணெய் வழியும் பின்தலையில், வட்டமாகக் காவி அப்பியிருந்தது.

"தினமும் இங்கேதான் உட்காருவீர்களா?"

"ஆமாய்யா. இங்கனதான் தூக்கம் நல்லா வருது."

அதிகாரி விரலால் தகரத்தைத் தொட்டார். "இங்கே ஒரு சுழி இருந்திருக்கிறது. தடம் தெரிகிறது. இது நானூறு இல்லை, அறுநூறு. இரண்டு மாதமும். பத்திரத்தில் நானூறு என்று இருக்கிறது." கொஞ்சம் நிறுத்தினார். "இதை மறைத்த வருமானம் என்று வைத்துக்கொண்டால் அபராதம் உண்டு. தெரிந்து எழுதிக் கொடுத்தவர்கள் இனி என் முன்னால் ஆஜராகவும் முடியாது. இந்தக் கணக்கை எடுத்து எழுதியது யார்?"

வீடு, மனைவி, இரண்டு பெண்கள், மாடி அறை எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் வந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நான்தான்யா எழுதினேன்" என்று கேட்டது. உன் குரல்.

திரும்பிப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. நேராக அதிகாரியைப் பார்த்துக்கொண்டு, கைகட்டி நின்றாய். அதோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். உன்னால் முடியவில்லை.

"செவ்வாக்கெழமைங்கய்யா. எனக்கு அன்னைக்கு வயித்துவலி. சுக்குக் கஷாயம் குடிச்சிருந்தேன். அது குடிச்சா எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கும். எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான். அவிய சாத்தூர்ல இருக்காக…"

பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. உன் சித்தப்பாவின் உடல்நிலை முழுவதையும் கேட்டுவிட்டு, அதிகாரி பத்திரத்தைத் தூக்கிக் கண்ணருகே பிடித்தார்.

"இதை நீங்கள் எழுதினீர்களா?"

"ஆமாய்யா."

"இல்லை" என்றார். "இதை என்னால் படிக்க முடிகிறது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பியூன் முதலில் சிரித்தான். மொழிபெயர்ப்பு கேட்டுத் திருப்பி அனுப்பிய அந்த மனுவை உறையில் போட்டு ஒட்டியது அவன்தானாம். நீ தலையைக் குனிந்துகொண்டாய். காது இரண்டும் சிவந்திருந்தது. உன் வாழ்நாளில் எனக்குத் தெரிந்து நீ சொன்ன ஒரே பெரிய பொய் அரை நிமிஷம்கூட உயிரோடு இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "நான்தான் சார். தடம் தெரிஞ்சது. சந்தேகமும் வந்தது. கேக்க ஆள் பக்கத்துலயே இருந்துச்சு. கேக்கல" என்றேன்.

"ஏன் கேட்கவில்லை?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல சார்."

அதிகாரி நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை பேசாமல் நின்ற அக்கா அப்போது வெடித்தாள். அபராதத்தைப் பற்றி இல்லை. "நானூறா? தம்பி, நானூறுன்னா எழுதினீக? மாசியில அறுநூறு ஓட்டினவ நான். ஊருக்குள்ள கேட்டா என்னைய என்னன்னு நெனைப்பாக?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அறுநூறுக்குப் பயணிகள் எல்லாரும் சாட்சி சொன்னார்கள். அவளே முன்வந்து கூடுதல் தொகையைக் கேட்டு நின்றதைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் தளர்ந்தது. மறைக்க நினைப்பவள் அப்படிச் சண்டை போடமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா?

"வேண்டுமென்று மறைத்ததாகத் தெரியவில்லை. திருத்தி எழுதித் தாருங்கள். அபராதம் இல்லை" என்றார். "இனிமேல் வாசிக்கிறவர் வாசிக்கட்டும், எழுதுகிறவர் எழுதட்டும்." நான் அங்கேயே திருத்தினேன். நீ வாசித்தாய். பதினோரு நாளைக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அறுநூறு."

அதிகாரி கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடி, திருப்தியாக ஒரு வார்த்தை சொன்னார்: "ரைட்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. காது மந்தமானாலும் அந்த ஒரு சொல் சுப்பையாவுக்குக் கேட்டுவிடும். அதற்குள் அவர் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். பஸ் குலுங்கிக் கிளம்பியது. அதிகாரி கிழவியின் கோழிமேல் சாய்ந்தார். பியூன் குடையோடு பின்னால் ஓடி வந்தான். நீ தகரத்தைத் தட்டினாய், நான் கத்தினேன், பயணிகள் கத்தினார்கள். இத்தனை பேர் உற்சாகப்படுத்துகிறார்களே என்று சுப்பையா வேகத்தைக் கூட்டினார். அக்கா எட்டி அவர் தோளைப் பிடித்து உலுக்கியபோது பங்களா கண்ணிலிருந்தே மறைந்திருந்தது.

இறங்கும்போது அதிகாரி சட்டைப்பையில் கைவிட்டார். அக்கா பதறினாள். "ஐயா, உங்ககிட்டப் போய் துட்டு வாங்குவேனா?" அவர் கேட்கவில்லை. "சர்க்கார் உத்தியோகஸ்தன் இனாமாகப் பயணம் செய்யக் கூடாது" என்று ஓரணாவை எண்ணி அவள் கையில் வைத்தார். அவள் அதை வாங்கின கையோடு கரிக்கட்டியை எடுத்துத் தகரத்தில் எழுதினாள். அவர் அவள் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். முதுகில் ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது. சொல்ல நம் இருவருக்கும் தைரியம் இல்லை.

அவர், ஓடி வந்து சேர்ந்த பியூனின் குடை நிழலில் முன்னால் போக, நாம் இருவரும் பின்னால் வெயிலில் நடந்தோம். பிறகு நீ சொன்னாய்:

"பொய் சொல்லப் படின்னு சொன்னயேலே. பாத்தியா, எம்புட்டுக் கேவலமா வருதுன்னு?"

நான் சிரித்தேன். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. "நான் சும்மா நின்னேன்லா. நீ சொல்லும்போது" என்றேன்.

"ஆமா."

"அவரு கையெழுத்தப் பாக்கலன்னா…"

நீ என்னை முடிக்கவிடவில்லை. "சொல்லியிருப்பலே. உனக்கு வாய் தொறக்க எப்பவுமே செத்த நேரம் ஆகும்" என்றாய். சொல்லிவிட்டு, மாந்தோப்பு முதலாளி போனால் போகட்டும், இனி பஸ்காரர்களாகப் பார்த்துப் பிடிப்போம் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஆறடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தோம். நீ அதை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான். நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதிகாரி உன் பொய்யை நம்பியிருந்தால், கையெழுத்தைப் பார்க்காமல் 'சரி' என்று எழுதியிருந்தால், நீ போட்டுக்கொண்ட பழிக்குப் பின்னால் நான் பேசாமல் நின்றிருக்கவும் கூடும். அந்த பஸ்ஸுக்குள் நின்றபோது, நீ பேசத் தொடங்கிய முதல் கணத்தில், எனக்கு வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ என்னைப் பற்றி நல்லதாக ஒன்றை நினைத்துக்கொண்டாய். அதை நான் திருத்தவில்லை. அது பொய்யாகிவிடாமல் இருக்க வேண்டுமே என்றுதான் அதன்பின் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் முகாமில் புதிய அதிகாரி ஒருவர் முன்னால் ஆஜரானேன். சின்ன வயசு. ஒரு பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தொகை தப்பாக இருக்கிறதே, யார் இதை…" என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"நான்தான் சார்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இது நேற்று எங்கள் குமாஸ்தா எழுதிய குறிப்பு. நீங்கள் எப்படி எழுதியிருக்க முடியும்? உட்காருங்கள்" என்றார். பக்கத்திலிருந்த வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டார். என் கட்சிக்காரருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அங்கேயே போய்விட்டது.

நான் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாகவே இல்லை. இந்தத் தடவை அரை நிமிஷம் முந்திவிட்டேன் என்றுதான் இருந்தது.